கான்பூர் பாட்டியின் போர்க்காலம்

போருக்குப் போய்வந்த ஒரு பெரியவர் வாழ்ந்த வீடு என்றால் அங்கே அனேகமாக ஒரு புகைப்படம் இருக்கும். சீருடை, தொப்பி, இளமை மாறாத முகம். அலமாரியின் அடித்தட்டில் ஒரு தகரப்பெட்டி, அதற்குள் நிறம் மங்கிய ரிப்பனோடு ஒரு பதக்கம். பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் படத்தில் இருக்கும் இளைஞரையும், ஈஸிசேரில் சாய்ந்து பேப்பர் படிக்கும் தாத்தாவையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பது கொஞ்சம் கஷ்டம்தான். படத்தில் இருப்பவர் வரலாற்றுக்குச் சொந்தம், சாய்வு நாற்காலியில் இருப்பவர் வீட்டுக்குச் சொந்தம் என்று பிரித்து வைத்துவிடுகிறோம்.

அந்தப் படத்தில் சீருடையோடு நிற்பது தாத்தா அல்ல, பாட்டி என்றால்? அப்படி ஒரு பாட்டி கான்பூரில் இருந்தார். பிறந்து வளர்ந்தது சென்னையில். ஊர் உலகத்துக்கு அவர் கேப்டன் லட்சுமி. இரண்டு மகள்களுக்கு அம்மா. 'அலைபாயுதே' படத்தை 2002-ல் 'சாத்தியா' என்று இந்தியில் எடுத்தாரே, இயக்குநர் ஷாத் அலி, அவருக்குப் பாட்டி. நேதாஜியோடு அணிவகுப்பில் நடந்துவரும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பலர் பார்த்திருக்கலாம். ஆனால் அந்தப் படத்துக்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்பதில்தான் இந்தப் பெண்மணியின் முழுக்கதையும் இருக்கிறது.

சென்னை வீடு

லட்சுமி 1914 அக்டோபர் 24 அன்று சென்னையில் பிறந்தார். அப்பா எஸ். சுவாமிநாதன், சென்னை உயர் நீதிமன்றத்தில் பெயர் பெற்ற வழக்கறிஞர், தமிழர். அம்மா அம்மு சுவாமிநாதன், பாலக்காட்டுப் பக்கம் ஆனக்கரையைச் சேர்ந்த மலையாளி. இந்த அம்மாதான் பிற்பாடு அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தவர், 1952-ல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து முதல் மக்களவைக்குப் போனவர். தங்கை மிருணாளினி புகழ்பெற்ற நாட்டியக் கலைஞர், விஞ்ஞானி விக்ரம் சாராபாயின் மனைவி. சகோதரர் கோவிந்த் சுவாமிநாதன் தமிழ்நாட்டின் அட்வகேட் ஜெனரலாக இருந்தவர். இப்படி ஆளுக்கொரு திசையில் பேர் வாங்கிய குடும்பம்!

சின்ன வயதில் லட்சுமி ஆனக்கரையில் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தபோது நடந்த ஒன்றை அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்து மலபாரில் தீண்டாமை மட்டுமல்ல, நிழல் பட்டாலும் தீட்டு. மலையிலும் காட்டிலும் வாழ்ந்த மக்கள் வழியில் வரும்போது குரல் கொடுத்துக்கொண்டே வரவேண்டும், மற்றவர்கள் விலகிக்கொள்வதற்காக. ஒருநாள் லட்சுமி அப்படி வந்த ஒரு சிறுமியிடம் நேராகப் போய், அவள் கையைப் பிடித்து விளையாட அழைத்துக்கொண்டு போய்விட்டார். பாட்டிக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் பிடித்த கை பிடித்ததுதான். தொடக்கூடாது என்று சொல்லப்பட்டவர்களைத் தொடுவதையே அந்தச் சிறுமி பின்னாளில் தொழிலாக எடுத்துக்கொண்டாள் என்று சொன்னால் தப்பில்லை.

ராணி மேரி கல்லூரியில் படித்துவிட்டுச் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1938-ல் எம்.பி.பி.எஸ். முடித்தார். அடுத்து மகப்பேறு மருத்துவத்தில் பட்டயம். வேலை பார்த்தது திருவல்லிக்கேணி மருத்துவமனையில். இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று பெயர்ப்பலகை இருந்தாலும், பழைய சென்னைக்காரர்களுக்கு அது கோஷா ஆஸ்பத்திரிதான். ஏழை எளிய பெண்கள் பிரசவத்துக்கு வரும் இடம். அங்கேதான் அவருக்குத் தொழில் படிந்தது.

இடையில் ஒரு விமானியோடு திருமணம் நடந்து, அது நிலைக்கவில்லை. 1940-ல் சிங்கப்பூருக்குக் கிளம்பினார். அங்கே ஒரு கிளினிக் வைத்தார். அவரிடம் வந்தவர்களில் பலர் இந்தியாவிலிருந்து பிழைக்கப்போன கூலித் தொழிலாளர்கள். போருக்குப் போகவேண்டும் என்று அவர் கப்பல் ஏறவில்லை. போர்தான் அவரைத் தேடி வந்தது.

சிங்கப்பூரில் போர்

1942 பிப்ரவரி 15. சிங்கப்பூரில் பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்தது. அதில் சுமார் 45,000 இந்தியச் சிப்பாய்கள். இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க் மைதானத்தில் அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். அவர்களிலிருந்துதான் கேப்டன் மோகன் சிங் தலைமையில் முதல் இந்திய தேசிய ராணுவம், அதாவது ஐ.என்.ஏ., உருவானது. அது சில மாதங்களிலேயே கலைந்து, 1943 ஜூலை 2 அன்று சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்திறங்கிய பிறகுதான் மறுபடி உயிர் பெற்றது.

அதே 1942-ல்தான் ஊரில் தங்கை மிருணாளினிக்கும் விக்ரம் சாராபாய்க்கும் கல்யாணம். அக்கா கடலுக்கு அந்தப் பக்கம், எதிரி நாட்டின் பிடியில் இருந்த நகரத்தில். போர் என்றால் குண்டும் துப்பாக்கியும் மட்டுமா? வீட்டுக் கல்யாணத்தில் ஒருவர் குறைவதும் போர்தான்.

பெண்களுக்கென்று ஒரு படை அமைக்கப்போவதாக போஸ் அறிவித்தபோது, சிரித்தவர்களும் உண்டு. லட்சுமி இருபது பெண்களைத் திரட்டினார். சேலை கட்டியே பழகிய பெண்கள், கையில் கனமான ராணுவத் துப்பாக்கியைப் பிடித்துப் பயிற்சி செய்து, போஸுக்கு அணிவகுப்பு மரியாதை கொடுத்தார்கள். அன்றிரவே போஸோடு நீண்ட நேரம் பேசிய லட்சுமி, படையை நடத்தும் பொறுப்பை ஏற்றுக்கொண்டு கிளினிக்கை விட்டு வந்தார். 1943 அக்டோபர் 21-ல் அறிவிக்கப்பட்ட ஆசாத் ஹிந்த் தற்காலிக அரசில் அவர்தான் ஒரே பெண் அமைச்சர். மறுநாள் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. பிற்பாடு பதவி உயர்ந்தாலும், ஆரம்பத்தில் ஒட்டிக்கொண்ட 'கேப்டன்' என்ற பெயர் கடைசிவரை போகவில்லை.

படையில் சேர்ந்தவர்கள் யார் என்பதுதான் தமிழர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டிய செய்தி. அந்தச் சில நூறு பெண்களில் பெரும் பகுதியினர் மலாயா ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்க் குடும்பங்களின் பெண்கள். இந்தியாவைக் கண்ணால் கூடப் பார்க்காதவர்கள் பலர். வசதியான வீட்டுப் பெண்களும் இருந்தார்கள். கோலாலம்பூரில் பிறந்த ஜானகி அவர்களில் ஒருவர். படையில் சேரும்போது பதினெட்டைத் தாண்டாத வயது. பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என்று மலேசியாவில் மதிக்கப்பட்டு, 2000-ல் இந்திய அரசின் பத்மஸ்ரீ பெற்று, 2014-ல் மறைந்தார். தோட்டத்துப் பெண்ணும் பங்களா வீட்டுப் பெண்ணும் ஒரே கொட்டகையில் படுத்து, ஒரே பாத்திரத்திலிருந்து சாப்பிட்டது அன்றைக்குச் சின்ன விஷயம் இல்லை.

மேம்யோ மருத்துவமனை

1944-ல் படையின் ஒரு பிரிவு பர்மாவுக்குச் சென்றது. ரங்கூன், பிறகு மலைநகரமான மேம்யோ. மார்ச் மாதம் ஜப்பானியப் படையும் ஐ.என்.ஏ.வும் இம்பால், கொஹிமாவை நோக்கி நகர்ந்தன. போர்முனைக்கு அனுப்புங்கள் என்று கேட்டபடி பெண்கள் காத்திருந்தார்கள். ஆனால் வந்தது வெற்றிச் செய்தி அல்ல. பருவமழை, பசி, மலேரியா, வயிற்றுக்கடுப்பு. ஜூலையில் பின்வாங்க உத்தரவு வந்தது. மேம்யோவுக்கு வந்து சேர்ந்தவர்கள் எலும்பும் தோலுமான ஆட்கள். துப்பாக்கிப் பயிற்சி பெற்ற பெண்கள் அங்கே செவிலியர்களானார்கள். அவர்களை வழிநடத்திய லட்சுமி மறுபடியும் டாக்டரானார்.

இதைத் தோல்வி என்று வரலாற்று நூல்கள் எழுதும், அது சரிதான். ஆனால் லட்சுமியின் வாழ்க்கையைப் பார்த்தால், படைத்தலைவியாக நின்ற படத்தை விட, அந்த மேம்யோ வார்டுதான் அவர் யார் என்பதைச் சொல்கிறது. கையில் மருந்து இல்லை, மேலே விமானத் தாக்குதல், எதிரே துவண்டு கிடக்கும் ஆட்கள். ஆனாலும் செய்யவேண்டிய வேலை இருக்கிறது. பிற்காலம் முழுவதும் அவர் செய்ததும் இதே வேலைதான், இடம்தான் மாறியது.

1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டு போஸ் வெளியேறினார். அவருடன் படைப்பெண்கள் பலர் ஆறுகளைக் கடந்து, இரவில் நடந்து, பகலில் ஒளிந்து தாய்லாந்துப் பக்கம் போனார்கள். அந்தப் பின்வாங்கலில் ரயில் மீது நடந்த தாக்குதலில் ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இரு பெண்கள் கொல்லப்பட்டார்கள். லட்சுமி பர்மாவிலேயே இருந்து, மே மாதத்தில் பிரிட்டிஷாரிடம் பிடிபட்டார். 1946 மார்ச் வரை பர்மாவில் காவலில் வைக்கப்பட்டு, பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். ஆறு வருடம் கழித்து மகளைப் பார்த்த அம்மு சுவாமிநாதனின் மனசு எப்படி இருந்திருக்கும்!

கான்பூர் வீடு

1947 மார்ச்சில் லாகூரில் பிரேம் குமார் சாகலை லட்சுமி மணந்தார். இவர் யார் தெரியுமா? 1945 நவம்பரில் டெல்லி செங்கோட்டையில் தொடங்கிய புகழ்பெற்ற ஐ.என்.ஏ. வழக்கில் ஷா நவாஸ் கான், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகியோரோடு குற்றவாளிக் கூண்டில் நின்றவர். ஒரு முஸ்லிம், ஒரு சீக்கியர், ஒரு இந்து என்று நாடே கொந்தளித்த வழக்கு அது. தண்டனை அறிவிக்கப்பட்டு, உடனே ரத்தும் செய்யப்பட்டது. ஆனாலும் சுதந்திர இந்தியாவின் ராணுவத்தில் ஐ.என்.ஏ.காரர்கள் மறுபடி சேர்த்துக்கொள்ளப்படவில்லை. பிரேம் சாகல் கான்பூரில் ஜவுளி ஆலை நிர்வாகத்துக்குப் போனார். லட்சுமி அங்கே கிளினிக் வைத்தார்.

கதாநாயகர்களின் கதை பொதுவாக இங்கே முடிந்துவிடும். 'அதன் பிறகு அமைதியான வாழ்க்கை வாழ்ந்தார்' என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர் சீருடை அணிந்திருந்தது இரண்டு வருடத்துக்கும் குறைவு. கான்பூரில் டாக்டராக இருந்தது அறுபது வருடத்துக்கும் மேல்.

பிரிவினையில் எல்லாவற்றையும் இழந்து வந்த அகதிகள் அவருடைய முதல் நோயாளிகளில் அடக்கம். ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பெண்கள் தொடர்ந்து வந்தார்கள். இல்லாதவர்களிடம் காசு வாங்குவதில்லை, மற்றவர்களிடம் மிகக் குறைவு. இரண்டு மகள்கள், சுபாஷிணியும் அனிசாவும், இந்தக் கிளினிக்கைப் பார்த்தே வளர்ந்தார்கள். மூத்த மகள் சுபாஷிணி கல்லூரிப் படிப்புக்காக அம்மா பிறந்த ஊரான சென்னைக்கு வந்து மகளிர் கிறித்தவக் கல்லூரியில் படித்தார். 1989-ல் கான்பூரின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார்.

பொதுவாக அம்மா வழியில்தான் மகள் போவார். இந்த வீட்டில் கொஞ்சம் தலைகீழ். இடதுசாரி அரசியலுக்கு முதலில் போனவர் மகள், பிறகு சேர்ந்தவர் அம்மா. 1971-ல் வங்காளதேசத்திலிருந்து லட்சக்கணக்கில் அகதிகள் வந்தபோது, டாக்டர்கள் தேவை என்று ஜோதி பாசு விடுத்த அழைப்பைப் படித்து லட்சுமி எல்லை முகாம்களுக்குப் போனார். வயது 57. அங்கே சில வாரங்கள் வேலை செய்துவிட்டு வந்து கட்சியில் சேர்ந்தார். 1981-ல் அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கம் தொடங்கியபோது முன்வரிசையில் இருந்தார். அந்தத் தொடக்க மாநாடு நடந்தது சென்னையில்தான்.

1984-ல் இந்திரா காந்தி கொலைக்குப் பிறகு கான்பூரிலும் சீக்கியர்கள் மீது வெறியாட்டம் நடந்தது. எழுபது வயது டாக்டர் தெருவில் இறங்கி அமைதிக்காகப் பாடுபட்டார். அதே ஆண்டு டிசம்பரில் போபால் விஷவாயு. ஒரு மருத்துவக் குழுவோடு அங்கே போனார். மேம்யோவும் போபாலும் எங்கேயோ இருக்கும் இரண்டு ஊர்கள். ஆனால் வந்து நின்ற டாக்டர் ஒருவர்தான்.

2002-ல் குடியரசுத் தலைவர் தேர்தல். அப்துல் கலாமை எதிர்த்து நின்ற ஒரே வேட்பாளர் லட்சுமி, வயது 87. தோற்போம் என்று தெரிந்தே நின்றார். ராமேஸ்வரத்துக்காரர் ஒருவரும் சென்னையில் பிறந்தவர் ஒருவரும் அந்த நாற்காலிக்குப் போட்டியிட்டார்கள் என்பதைத் தமிழ்நாட்டில் பலர் கவனிக்கவே இல்லை. தேர்தல் முடிந்ததும் கான்பூர் கிளினிக்குக்குத் திரும்பிவிட்டார். தொண்ணூறு வயதைக் கடந்த பிறகும் காலையில் நோயாளிகளைப் பார்ப்பதை நிறுத்தவில்லை. 2012 ஜூலை 19 அன்று மாரடைப்பு வந்தது. ஜூலை 23-ல் காலமானார். வயது 97. அவர் விருப்பப்படி உடல் கான்பூர் மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்கப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் மாணவியாக உடற்கூறு படித்தவர், இன்னொரு மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்குப் பாடமாகவே போய்ச் சேர்ந்தார்.

பெருமையும் கேள்விகளும்

நமக்குப் பிரியமான பெரியவர் என்பதற்காக அவர் காலத்தின் சங்கடங்களை மறைக்கக்கூடாது. ஐ.என்.ஏ. கைகோத்தது ஜப்பானோடு. அதே ஜப்பான்தான் சயாம்-பர்மா ரயில் பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை வாரிக்கொண்டு போனது. அந்தக் காட்டில் செத்தவர்கள் பல்லாயிரம் பேர். ஒரே தோட்டத்திலிருந்து ஒரு பெண் ஜான்சி ராணிப் படைக்குப் போயிருக்கலாம், ஒரு ஆண் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாமல் இருந்திருக்கலாம். இரண்டையும் சேர்த்து நினைப்பதுதான் நேர்மை.

எதிர்ப்பக்கத்தையும் மறக்கக்கூடாது. இம்பாலில் பிரிட்டிஷ் கொடியின் கீழ் நின்று சண்டை போட்டவர்களிலும் பெரும் பகுதி இந்தியர்கள்தான், அதில் தமிழர்களும் உண்டு. ரங்கூனுக்கு அருகே தவுக்கியான் போர்க் கல்லறையில், கல்லறை இல்லாமலே போன சுமார் 27,000 வீரர்களின் பெயர்களைத் தூண்களில் பொறித்து வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் இந்தியப் பெயர்கள். ஐ.என்.ஏ.வுக்கோ சிங்கப்பூர் கடற்கரையில் எழுப்பிய நினைவுச்சின்னம் 1945 செப்டம்பரிலேயே மவுண்ட்பேட்டன் உத்தரவின்படி வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அந்த இடத்தில் 1995-ல் ஒரு நினைவுப் பலகை வைக்கப்பட்டது. இடையில் அந்த ஐம்பது வருடமும் நினைவைச் சுமந்தவர்கள் யார்? வீட்டில் இருந்த தாத்தாக்களும் பாட்டிகளும்தான்.

அதில் எல்லோருக்கும் கேப்டன் லட்சுமிக்குக் கிடைத்த வாய்ப்பு கிடைக்கவில்லை. அவர் படித்தவர், பெரிய குடும்பம், தன் வாழ்க்கையைத் தானே எழுதினார். பேட்டி எடுக்க ஆட்கள் வந்தார்கள். 1998-ல் பத்மவிபூஷண் கிடைத்தது. தோட்டத்துக்குத் திரும்பிய பெண்களோ கூலிப் புத்தகத்தில் ஒரு எண்ணாக மறுபடி பால் வெட்டினார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள், பிள்ளை பெற்றார்கள். அவர்களில் எத்தனை பேரிடம் பேரப்பிள்ளைகள் 'நீ பட்டாளத்தில் என்ன பாட்டி செய்தாய்?' என்று கேட்டிருப்பார்கள்? ஸ்டெல்லாவும் ஜோசபினும் அந்தக் கேள்விக்குக் கூடக் காத்திருக்க முடியவில்லை. அவர்கள் யாருக்கும் பாட்டி ஆகவே இல்லை.

அந்தப் போர்க்காலத்தைக் கண்ணால் கண்ட தலைமுறையில் இன்று இருப்பவர்கள் தொண்ணூறு வயதைத் தாண்டியவர்கள். அப்படி ஒருவர் வீட்டிலோ பக்கத்துத் தெருவிலோ இருந்தால், சீருடைப் படத்தைப் பார்த்துச் சலாம் போடுவதோடு நிறுத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்தச் சண்டையில் இருந்தீர்கள் என்று மட்டுமல்ல, திரும்பி வந்த பிறகு என்ன செய்தீர்கள் என்றும் கேளுங்கள். போரில் இருந்தவர்களை நாம் போரில் மட்டுமே வைத்துப் பார்க்கிறோம். கேப்டன் லட்சுமிக்குப் போர் முடிந்தபோது வயது முப்பது. மீதி அறுபத்தேழு வருடம் அவர் போரிலிருந்து கொண்டுவந்தது பகையை அல்ல, பழக்கத்தை. அடிபட்டவர் எதிரே கிடந்தால், அவர் யார், எந்த ஜாதி, எந்தப் பக்கம் என்று கேட்காமல் முதலில் நாடி பிடித்துப் பார்க்கும் பழக்கம். ஒரு குடும்பம் தன் பெரியவரிடமிருந்து எடுத்துக்கொள்ள இதைவிடப் பெரிய பதக்கம் வேண்டுமா என்ன?